ஒழுகாத இடம்

எங்கள் வீட்டு வாசலில் தினம் இரண்டு கோலங்கள் விழும். ஒன்று, விடியற்காலையில் என் மனைவி போடுவது. மற்றொன்று, இரவெல்லாம் கண் விழித்து எங்கள் கார் போடுவது. முன்னதில் புள்ளியைச் சுற்றி இழை உண்டு. பின்னதில் வெறும் புள்ளிதான். அதுவும் கறுப்புப் புள்ளி. ஆனால் எண்ணிக்கையில் ஒரு நாள்கூடக் குறை வைத்ததில்லை.

"வீட்டுக்கு வர்றவங்க முதல்ல எதைப் பாப்பாங்க? இதைத்தானே?" என்று என் மனைவி அந்தப் புள்ளிகளைத் துடைப்பத்தால் சுட்டிக் காட்டுவாள். துடைப்பத்தால் சுட்டிக் காட்டப்படும் விஷயத்தில் கணவன்மார்கள் அபிப்பிராய பேதம் கொள்வது உசிதமல்ல என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"கார் எண்ணெய் ஒழுகினால் ஒர்க் ஷாப்பில் விட்டு எடுப்பதுதானே? இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் சொல்வது 1969-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தது. இன்றைய ஒர்க் ஷாப்பில் அதைக் கொண்டு போய் நிறுத்தினால், கம்ப்யூட்டர் ஒயரை எங்கே சொருகுவது என்று பையன்கள் ஐந்து நிமிஷம் தேடுகிறார்கள். பிறகு அதன் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு, "சூப்பர் வண்டி ஸார்" என்று மரியாதையாக வழியனுப்பி வைத்துவிடுகிறார்கள்.

வண்டியின் ஜாதகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருப்பது தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர். ஹெரால்டு பிறந்தது இங்கிருந்து ஐந்தாறு மைலில், ஜி. எஸ். டி. ரோடில், பெருங்களத்தூரும் வண்டலூரும் சந்திக்கும் இடத்தில். 1948-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு இங்கே ஏற்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா. அந்த நாளில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு வழி மூன்றுதான்: கல்கத்தாவின் அம்பாஸடர், பம்பாயின் பியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு. வான்கார்டு, டென், பெனன்ட் என்று வரிசையாகச் செய்து பார்த்துவிட்டு, 1961-ல் ஹெரால்டைக் கொண்டு வந்தார்கள்.

அசல் ஹெரால்டு 1959-ல் டிரயம்ப் என்ற பெயரில் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலி தேசத்து டூரின் நகரத்துக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போது ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு ஒரு சங்கடம். காரின் உடலைச் செய்து தந்துகொண்டிருந்த ஸ்தாபனத்தைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. எனவே உடலை ஒரே கூடாகச் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகத் தகடுகளைச் செய்து, அடியில் ஒரு சட்டம் போட்டு, அதன் மேல் போல்ட் வைத்து முடுக்கினார்கள். கதியில்லாமல் செய்த காரியம் ரிப்பேர் செய்கிறவனுக்கு வரப்பிரசாதமாகிவிட்டது! பானட்டைத் தூக்கினால் மூக்கு, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். இன்ஜினும் முன் சக்கரங்களும் மூடி திறந்த அஞ்சறைப் பெட்டி மாதிரி கண்ணெதிரே இருக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வண்டி திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். எங்கள் தெருவில் ஆட்டோ திரும்புகிற இடத்திலெல்லாம் அதுவும் திரும்பும்.

இங்கிலாந்தில் 1963-ல் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே காரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வண்டலூரில் அந்தப் பெயர் இன்னும் இருபத்தைந்து வருஷம் ஜீவித்திருந்தது. ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்கள்தான். இங்கிலாந்து அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. பெரியம்மா, அத்தை, அவர்களுடைய மூட்டை முடிச்சு இவற்றோடு பின் ஸீட்டுக்குப் போக இரண்டு கதவு போதாது என்பது வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஹெரால்டுக்குப் பிறகு கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டி வந்தது. 1988-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது என்று என் அப்பா உறுதி கூறுகிறார்.

அப்பா இந்த வண்டியை மூன்றாம் கையாக வாங்கியது 1991-ல். நான் கால் சட்டை போட்ட நாளிலிருந்து அதன் பின் ஸீட்டில் பிரயாணம் செய்திருக்கிறேன். 2016-ல் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. வலி போயிற்று, ஆனால் தரையில் உட்காருவதும் குனிவதும் அதோடு நின்றன. அன்றைக்கு வண்டிச் சாவி என் கைக்கு வந்தது. சாவியோடு கறுப்புப் புள்ளிகளும் வந்தன.

ஒழுகலை நிறுத்தியே தீருவது என்று நான் சங்கற்பம் செய்துகொண்டது இந்த வருஷக் கோடையில். எதிரி எங்கே இருக்கிறான் என்று முதலில் தெரிய வேண்டுமே? ஆபீஸிலிருந்து நமது பத்திரிகையின் பழைய இதழ்களைக் கொண்டு வந்து, பிரித்து, இரவில் வண்டிக்கு அடியில் விரித்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தொடர்கதைக் கதாநாயகியின் கன்னத்தில் ஒரு சொட்டு, சமையல் குறிப்பில் மூன்று சொட்டு, ராசி பலனில் ஒரு குளம். சிம்ம ராசிக்காரர்களுக்கு அந்த வாரம் என்ன பலன் என்று கடைசிவரை தெரியவில்லை.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கோளாறு இருக்கும் என்று நினைத்தேன். அது பெரிய தப்பு. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். முன்னால் கசிந்தது பின்னால் வந்து சொட்டும். அகப்பட்டுக்கொள்கிறவன் ஒருவன், குற்றவாளி வேறொருவன்! இதற்கு ஓர் உபாயம் உண்டு. இன்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். கசியும் இடத்தில் வெள்ளைப் பவுடர் கறுத்துக் காட்டிக் கொடுக்கும். பவுடர் டப்பா என் ஏழு வயது மகளுடையது. கல்யாணத்துக்குப் புறப்பட்டது போல் வெள்ளை வெளேரென்று நின்ற இன்ஜினைப் பார்த்து அவள் கை கொட்டிச் சிரித்தாள். டப்பா காலி என்று தெரிந்ததும் அழுதாள்.

முதலில் அகப்பட்டது டாப்பெட் மூடி. இன்ஜினின் தலைக்கு மேலே தகரத்தால் ஆன ஒரு மூடி. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே தக்கையில் வெட்டிய பாக்கிங். ஐம்பது வருஷச் சூட்டில் தக்கை அப்பளமாகியிருந்தது. "கசிகிறதா? முடுக்கு!" என்று ஸ்பானரை எடுத்து மூடியின் நட்டுகளை என் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். மறுநாள் ராசி பலனில் ஏரி! தகர மூடி நடுவில் அமுங்கி ஓரத்தில் வாயைப் பிளந்துவிட்டது. தக்கைப் பாக்கிங்கை இறுக்கவே கூடாதாம். அது லேசாக அமுங்கும் வரை முடுக்கி விட்டுவிட வேண்டும். புதுப்பேட்டைக்குப் போய், மூடியைத் தட்டி நிமிர்த்தி, தக்கைத் தாளில் புதிதாகப் பாக்கிங் வெட்டிக்கொண்டு வந்தேன். புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிச் சாமான் இல்லை என்பார்கள். எனக்குக் கிடைத்தது பாக்கிங்கும், அதை வெட்டியவரின் கருணை நிறைந்த பார்வையும்.

பெட்ரோல் பம்பின் பாக்கிங், முன் சங்கிலி மூடியின் பாக்கிங் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ராசி பலன் வற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அடியில், எண்ணெய்த் தொட்டியாகிய சம்ப்பின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் சொட்டு நிற்கவில்லை. அது என் கைக்கு எட்டிய வித்தையல்ல. அப்போதுதான் மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

பெருங்களத்தூர்க்காரர். 1970-ல் பதினெட்டு வயதில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். மூடுகிற வரையில் அங்கேயே இருந்து, பிறகு வீட்டுத் திண்ணையோரத்தில் சின்ன ஒர்க் ஷாப் வைத்துப் பிழைத்தவர். இப்போது எழுபத்து மூன்று வயதாகிறது. மொபெட்டில் வந்து இறங்கியவர் என்னோடு பேசவில்லை. முதலில் வண்டியைத்தான் பார்த்தார். பானட்டைத் தூக்கி, உள்ளங்கையால் மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டுச் சந்தையில் வயசாளிகள் இப்படித் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

சம்ப்பைக் கழற்றி எனக்கு ஓர் அதிசயத்தைக் காட்டினார். கிராங்கின் முன் முனைக்குக் கீழே சிறிய அலுமினியக் கட்டை ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கத்துச் சந்துகளையும் அடைத்திருப்பது எது தெரியுமா? மரம்! இரண்டு மரச் செருகுகள். கவென்ட்ரி இன்ஜினீயர்கள் எத்தனையோ கணக்குப் போட்டு இன்ஜினைச் செய்துவிட்டு, கடைசியில் நம் வீட்டுக் கட்டில் கால் ஆடினால் சீவி வைப்போமே, அந்த மாதிரி மரத்தைச் சீவி அடித்து, மிச்சத்தை அறுத்துச் சமன் செய்திருக்கிறார்கள். பழைய மரம் சுருங்கிப் போயிருந்தது. மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று மரத்தில் இருந்தது. அதைச் சீவி, பசை தடவி, சுத்தியால் தட்டி இறக்கினார். பவுடர் போயிற்று, ஸ்கேலும் போயிற்று. குழந்தை மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மட்டும் முறைத்தாள்.

பின் ஓரத்துக் கசிவுதான் வேடிக்கை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் இன்ஜின்கள் பலவற்றில் கிராங்கின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது. எங்கள் வண்டியிலும் அப்படித்தான். அதற்குப் பதில் திருகாணி போல் மரை வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்றுவது நின்றால் தள்ளுவதும் நின்றது. மிச்சம் இருப்பது நாலு சொட்டாக வெளியே வரும். "இது பழுது இல்ல தம்பி, சுபாவம்" என்றார் மேஸ்திரி. பிறகு எங்கள் வாசலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாசலை எப்போ உசத்தினீங்க?" என்று கேட்டார்.

2015 டிசம்பர் வெள்ளம் தாம்பரத்து ஜனங்களுக்கு மறக்கிற சமாசாரமல்ல. முடிச்சூர் பக்கத்தில் படகு விட்டார்கள். எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு தெருவில் பாதிப் பேர் வாசலை உயர்த்தினோம். அன்று முதல் ஹெரால்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நிற்கிறது. எண்ணெயெல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்து அந்த மரை வழியே இறங்குகிறது! வண்டியைத் திருப்பி, பின்பக்கம் உயரே இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். ஒரு காசு செலவில்லாமல் பாதி ஒழுகல் நின்றது.

"வெள்ளத்துல வண்டி எத்தனை நாள் நின்னுது?"

"ரெண்டு நாள். இன்ஜினுக்குத் தண்ணி ஏறலை. சக்கரம் மட்டும்தான் முழுகிச்சு."

மேஸ்திரி முன் சக்கரத்தின் பின்னால் கையை விட்டுத் தடவினார். "காலுக்கு எண்ணெய் எப்போ விட்டது?"

எனக்குப் புரியவில்லை. "அதுக்கெல்லாம் கிரீஸ் அடிச்சாச்சு. போன மாசம்தான் ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல" என்றேன்.

"கிரீஸ் வேற, எண்ணெய் வேற தம்பி. ஊர்ல எல்லாரும் ஒழுகற இடத்தையே பாக்கறாங்க. ஒழுகினா உள்ளே எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். ஒழுகாத இடத்தைத்தான் பாக்கணும். ரெண்டு காலையும் கழட்டிப் பாத்துடலாம். ஒரு நாள் வேலை."

ஏற்கெனவே கணிசமாகச் செலவாகியிருந்தது. அன்றைக்குத்தான் சம்ப்பை மாட்டியிருக்கிறோம். ஒழுகல் நின்றதா என்று பார்க்கும் ஆவல் எனக்கு. "அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் நேயர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் முன்பு, சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து நான் வண்டியைக் கொண்டு வந்த அன்று, திண்ணை நாற்காலியிலிருந்த அப்பா, "கிரீஸ் அடிச்சியே, எண்ணெய் விட்டியாடா?" என்று கேட்டார். இன்ஜின் எண்ணெயைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அப்பா" என்றேன். சொன்ன விதம் அவ்வளவு நன்றாக இல்லை. அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வண்டிக்கு அடியிலிருந்த இதழை உருவிப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல், பளிச்சென்று, ஒரு பொட்டு எண்ணெய் இல்லை! சிம்ம ராசிக்காரர்களுக்கு அந்த வாரம் வாகன யோகம் என்று போட்டிருந்தது. நான் சிம்ம ராசி. இதழை ஓடிப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை.

"எல்லாரும் கிளம்புங்க, சிங்கபெருமாள் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்" என்று அறிவித்தேன். அப்பா முன் ஸீட்டில். மனைவியும் குழந்தையும் பின்னால். தாம்பரம் மேம்பாலம் ஏறி, இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி. எஸ். டி. ரோடில் போக வேண்டியது. ஞாயிறு காலை அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு விரைகிற பஸ்கள், லாரிகள், நடுவில் நாம்.

வாசலிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தேன். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போக ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன். நடக்கிற வேகம்தான்.

"மடக்" என்று ஒரு சத்தம். வண்டி யானை மண்டியிடுவது போல் இடது முன் மூலையில் அப்படியே உட்கார்ந்தது. ஸ்டியரிங் என் கையில் சும்மா சுற்றியது. இறங்கிப் பார்த்தேன். இடது சக்கரம் மட்கார்டுக்குள் படுத்துக் கிடந்தது. அச்சுக்கும் அதற்கும் உறவே இல்லாதது போல் சாய்ந்திருந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. குழந்தை, "அப்பா, மறுபடியும்!" என்றாள். தண்ணீர் லாரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை ஸார், இங்கேயே ஆச்சு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது. இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தால் இரும்புலியூர் வளைவு. நாற்பது மைல் வேகம். பின்னால் ஒரு பஸ். இதை எழுதும்போதும் அந்தக் காட்சியை முழுவதும் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மனைவி ஒன்றுமே பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

மத்தியானமே மேஸ்திரி வந்தார். "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, உடைந்ததைக் கழற்றி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் எஃகுத் தண்டு நெட்டுக்குத்தாகத் தாங்குகிறது. அந்தத் தண்டின் அடி முனையில் மரை. அது வெண்கலக் கட்டி ஒன்றுக்குள் திருகி இறங்கியிருக்கும். அதற்கு டிரனியன் என்று பெயர். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு அந்த மரைக்குள்தான் திரும்புகிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த மரையோடு. உள்ளே இருக்க வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய், கிரீஸ் அல்ல. கிரீஸ் மேலே அடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். மரையின் இடுக்குக்குள் இறங்காது. எண்ணெய் இறங்கும், இறங்கி நின்று தண்ணீரை உள்ளே விடாது. எண்ணெய் இல்லாத மரைக்குள் தண்ணீர் புகுந்தால் துரு அரிக்கும். அரித்த இடத்தில் மயிரிழைபோல் விரிசல் விழும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். வெளியில் ஒரு சொட்டு, ஒரு சத்தம் கிடையாது.

உடைந்த முனையை வெயிலில் பிடித்துக் காட்டினார் மேஸ்திரி. வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பு நிறமாகத் துருப்பிடித்திருந்தது. அது பல வருஷத்து விரிசல். மீதி ஒரு பங்கு புது வெள்ளிபோல் மின்னியது. "இந்த மினுக்குற இடம்தான் இன்னிக்குக் காலைல உடைஞ்சது. இத்தனை நாள் உங்க எல்லாரையும் தூக்கிட்டு இருந்தது இவ்வளவுதான்" என்று கட்டை விரல் நகத்தால் தொட்டுக் காட்டினார்.

வலது சக்கரத்தையும் கழற்றினோம். அதிலும் விரிசல்.

திண்ணை நாற்காலியிலிருந்து அப்பா கையை நீட்டினார். அந்தத் துண்டை வாங்கி வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விட்டுடுவேன். அம்பத்தெட்டு வயசிலகூட அடியில படுத்து விட்டிருக்கேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் காட்சி ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், அப்பா பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, பாயை விரித்து, வண்டிக்கு அடியில் படுப்பார். கையில் ஒரு பித்தளைப் பிசுக்காரி. நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். "என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டால், "காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடறேண்டா" என்பார். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று மாதிரி இதுவும் பூஜையில் ஒரு சடங்கு என்றே நான் நினைத்திருந்தேன். அவர் கடைசியாக அப்படிப் படுத்தது 2015 அக்டோபரில். டிசம்பரில் வெள்ளம். மறு வருஷம் ஆபரேஷன். நான் சாவியை வாங்கிக்கொண்ட பிறகு சந்தனமும் குங்குமமும் தவறாமல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எலுமிச்சம்பழம்கூட ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று வைத்து நசுக்கியிருக்கிறேன்.

இரண்டு நெட்டுத் தண்டுகளும் மேஸ்திரியின் பரணிலிருந்து கிடைத்தன. யாரோ உடைக்கக் கொடுத்த ஹெரால்டிலிருந்து என்றைக்கோ கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். வெண்கல டிரனியன்களுக்கு இங்கிலாந்துக்கு எழுத வேண்டியிருந்தது. ஹெரால்டின் சட்டத்தையே வெட்டிக் குறுக்கி, டிரயம்ப் ஸ்பிட்பயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டியை அங்கே செய்தார்கள். அதைச் செல்லமாக வைத்திருப்பவர்கள் அந்த நாட்டில் இன்னும் நிறையப் பேர் இருப்பதால், சாமான்கள் புதிதாகவே கிடைக்கின்றன. ஐந்து வாரம் கழித்துப் பார்சல் வந்தது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிர் எதிராக இருக்கும்; மாற்றி மாட்டக் கூடாது. மேஸ்திரி இரண்டையும் கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே தடவி, எது எந்தப் பக்கம் என்று சொன்னார்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் அவரையே பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வண்டலூர் வரை ஒரு நடை போய் வந்தேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், கம்ப்யூட்டர் ஆபீஸ்கள், அடுக்கு மாடி வீடுகள். அந்த இடம் நெருங்கும்போது அவர் ஏதாவது சொல்வார், அதை எழுதிக்கொள்ளலாம் என்று பத்திரிகைக்காரன் புத்தியோடு காத்திருந்தேன். அவர் இன்ஜின் சத்தத்தையே கவனித்துக்கொண்டு வந்தார். தாண்டின பிறகு, "மூணாவது கியர்ல லேசா முனகுது. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாயை விரித்தேன். பித்தளைப் பிசுக்காரி பரணில் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. எங்கே இருக்கிறது என்று கேட்டதும், எழுந்திராமலே சொன்னார். வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். நான் அடியில் படுத்தேன். டிரனியனின் அடைப்பானைக் கழற்றி, குழாய் முனையை மாட்டி, பிசுக்காரியை அழுத்தினேன்.

"வழியுதா?" என்றார் அப்பா மேலேயிருந்து.

"இன்னும் இல்லைப்பா."

"அழுத்து. மேல் மூட்டிலேர்ந்து வழியணும். வழியற வரைக்கும் விடாதே."

அழுத்தினேன். சற்று நேரத்தில் மூட்டின் விளிம்பில் பொன்னிறமாக ஒரு கோடு எழும்பி, தண்டைச் சுற்றி இறங்கியது.

"வழியுதுப்பா."

"இப்போ அந்தப் பக்கம்."

மறுநாள் விடியற்காலையில் என் மனைவி வாளியும் துடைப்பமுமாக வாசலுக்குப் போனாள். ஆயுத பூஜை, பெரிய கோலம் போட வேண்டும். நான் உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, இங்கே வாங்க! இது புதுசா இருக்கே?" என்று குரல் வந்தது.

போய்ப் பார்த்தேன். முன் சக்கரங்களுக்கு நேர் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சொட்டு. துடைப்பம் உயர்ந்தது.

"அது இருக்கட்டும் அம்மா" என்றார் அப்பா, ஜன்னலுக்குள்ளிருந்து.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, கோல மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு சொட்டுகளை விட்டு ஒரு சாண் தள்ளி முதல் புள்ளியை வைத்தாள்.